தொற்றுக் காலத்தில் தலைப்பிரசவம்: டெல்டா குடும்பங்களுக்கு ஒரு வீட்டுப் பாடத்திட்டம்

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது பஸ் நின்றது, சந்தை நின்றது, கோயில் நடை சாத்தப்பட்டது. கூடவே கர்ப்பிணிகள் கற்றுக்கொள்ளும் இடங்களும் மூடிக்கொண்டன. நம் பக்கத்தில் பிரசவ வகுப்பு என்று தனியாக யாரும் போவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்கா, "எனக்கு இடுப்புலதான் மொதல்ல வலி எடுத்துச்சு" என்று சொல்வதுதான் வகுப்பு. அங்கன்வாடியில் நடக்கும் சமுதாய வளைகாப்பில் நர்ஸம்மா பேசுவதும், தாய் வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவும் அம்மாச்சியும் சொல்லித் தருவதும் வகுப்புதான். அந்த மூன்றும் ஒரே வாரத்தில் இல்லாமல் போயின.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் முதல் முறையாக உண்டாகியிருக்கும் பெண்ணுக்கும், அவளைப் பார்த்துக்கொள்ளப் போகும் வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். கொரோனா நாட்களில் கும்பகோணத்தைச் சுற்றியுள்ள கிராமத்துப் பெண்களிடம் ஃபோனில் பிரசவம் பற்றிப் பேசும் பணியில் இருந்தேன். அப்போது பயன்பட்டவற்றை வரிசைப்படுத்தியிருக்கிறேன். நாளை வேறு ஏதாவது தொற்று பரவினாலும், மழையில் ஊர் துண்டிக்கப்பட்டாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

அந்த நாட்களில் நான் மிகவும் பயந்தது கிருமிக்கு அல்ல, தயக்கத்துக்கு. "இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா ஒட்டிக்கும், விடியட்டும் பாத்துக்கலாம்" என்று ஒரு வீடு ராத்திரி பத்து மணிக்கு முடிவெடுப்பதுதான் தாயையும் பிள்ளையையும் ஆபத்தில் தள்ளுகிறது. அந்த முடிவை எடுப்பது பெரும்பாலும் கர்ப்பிணி அல்ல. மாமியார், கணவர், அப்பா என்று வேறு யாரோ எடுக்கிறார்கள். அதனால் பாடம் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

முதல் வேலை: பதிவு

நாள் தள்ளிப்போய், கர்ப்பம் உறுதியானதும் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். 12 வாரத்துக்குள் பதிந்துவிடுவது நல்லது. பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிப் பதிவேட்டில் பதிவு முடிந்ததும் 12 இலக்க எண் ஒன்று தருவார்கள். அந்த எண் இல்லாவிட்டால் பின்னால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வாங்க அலைய வேண்டியிருக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கும் அதுதான் அடிப்படை. தகுதியுள்ள தாய்க்கு, ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி அந்தத் திட்டத்தில் கிடைக்கிறது. நேரில் போக முடியாத நிலையென்றால் 102 எண்ணுக்கு அழைத்துப் பதியலாம்.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவது வழக்கம். ஊரடங்கில் இதுவே பெரிய சிக்கலானது. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் கேட்டார்கள். புகுந்த வீடு பட்டுக்கோட்டையிலும் பிறந்த வீடு சீர்காழியிலும் இருந்த பெண்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். எங்கே பிரசவம் என்பதை ஆறாம் மாதத்துக்குள் முடிவு செய்துவிடுங்கள். தாய் வீடு என்றால் ஏழாம் மாதத்திலேயே போய், அந்த ஊர் செவிலியரிடம் எண்ணைக் காட்டி அறிமுகமாகிக்கொள்ளுங்கள். ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடிந்துதான் கிளம்ப வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். வளையலைத் தாய் வீட்டுக்கு எடுத்துவந்தும் போடலாம். வரிசைத் தட்டு ஏழானாலும் ஐந்தானாலும் பிள்ளைக்கு ஒன்றுதான், கூட்டம் மட்டும் வேண்டாம்.

உங்கள் வகுப்பில் மூன்று பேர்

கர்ப்பிணி ஒருவர். ராத்திரியில் கூடவே படுத்திருக்கும் பெண் ஒருவர், அது அம்மாவோ அத்தையோ நாத்தனாரோ. முடிவெடுக்கக்கூடிய ஆள் ஒருவர், பெரும்பாலும் கணவர். இவர்கள் மூவரும் வாரத்தில் ஒரு நாள், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் சேர்ந்து உட்கார வேண்டும். கணவர் திருப்பூரிலோ வளைகுடாவிலோ வேலையில் இருந்தால் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிடுங்கள்.

பாடப்புத்தகம் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. பதிந்தபோது தந்த தாய் சேய் நல அட்டை. பலர் அதை ஊசி போட்ட தேதி எழுதுவதற்கு மட்டும் நீட்டுகிறார்கள். உள்ளே படங்களோடு கர்ப்பகால எச்சரிக்கைகள், பால் கொடுக்கும் முறை, குழந்தை எந்த மாதத்தில் என்ன செய்யும் என்பது வரை இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு பக்கம் ஒருவர் உரக்கப் படியுங்கள், மற்றவர்கள் கேள்வி கேளுங்கள். பதில் தெரியாததை ஒரு நோட்டில் எழுதி வைத்து, செவிலியரிடம் ஒரே அழைப்பில் கேட்டுவிடுங்கள். தொற்றுக் காலத்தில் அவர் வீடு வீடாகக் கணக்கெடுப்புக்கும் ஓடிக்கொண்டிருப்பார். பத்து முறை அழைப்பதைவிட, பத்துக் கேள்வியோடு ஒருமுறை அழைத்தால் நின்று பதில் சொல்வார்.

வாட்ஸ்அப்பில் வரும் வீடியோக்களைப் பற்றி ஒரு வார்த்தை. மூச்சுப்பயிற்சி, உட்காரும் முறை, பால் கொடுக்கும் முறை ஆகியவற்றை மருத்துவமனைகளோ அரசோ வெளியிட்ட வீடியோவில் பார்க்கலாம். வீட்டிலேயே பிரசவம் பார்ப்பது எப்படி என்று சொல்லும் வீடியோவை யார் அனுப்பினாலும் அழித்துவிடுங்கள். 2018 இல் திருப்பூரில் அப்படி வீட்டிலேயே பிரசவத்துக்கு முயன்ற ஒரு பெண் ரத்தப்போக்கில் இறந்துபோனார். பிள்ளை பிறந்த பிறகு வரும் ரத்தப்போக்கு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காது.

எதற்கு நேரில் போக வேண்டும், எதற்கு ஃபோன் போதும்

ஊரடங்கு நாட்களில் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். சந்தேகம் கேட்பது, சாப்பாடு, வாந்தி, தூக்கம், கால் வலி, மாத்திரை தீர்ந்தது போன்றவற்றுக்கு ஃபோன் போதும். அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104 இருக்கிறது. இ-சஞ்சீவனியில் வீடியோ வழியே அரசு மருத்துவரிடமே பேசலாம். ஆனால் பிரஷர் பார்ப்பது, ரத்த அளவு, சர்க்கரை, ஊசி, ஸ்கேன் எல்லாம் நேரில்தான். ஃபோனில் யாராலும் பிரஷர் பார்க்க முடியாது.

தவறவே கூடாதவை எவை என்று கேட்டால் இப்படிச் சொல்வேன். பதிவின்போது ரத்தப் பரிசோதனையும் குளுக்கோஸ் பரிசோதனையும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சர்க்கரை 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று கொள்வார்கள். முதலில் சரியாக இருந்தாலும் ஆறாம் மாதவாக்கில் திரும்பப் பார்க்க வேண்டும். 18 முதல் 20 வாரத்துக்குள் குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன். நான்கு வார இடைவெளியில் இரண்டு டிடி ஊசி. எட்டாம் மாதத்திலிருந்து பிரஷர் பார்க்க அடிக்கடி. பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கென்று ஒதுக்கிய நாளைக் கேட்டு, காலையில் கூட்டம் சேரும் முன் போய்விடுங்கள். முகக்கவசம், கூட ஒரே ஒருவர், சொந்தத் தண்ணீர் பாட்டில். திரும்பி வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி உடை மாற்றினால் போதும். காய்கறியையெல்லாம் சோப்பில் கழுவிய காலம் ஒன்று இருந்தது, அது தேவையில்லை.

இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நான்காம் மாதம் தொடங்கி தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். நம் பெண்களில் பலர் வாங்கி அலமாரியில் அடுக்குகிறார்கள், ஏனென்றால் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது. கறுப்பாகப் போவது மாத்திரையின் இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. குமட்டினால் ராத்திரி படுக்கப் போகும் முன் போடுங்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூடச் சேர்ந்தால் இரும்பு நன்றாக உடம்பில் ஒட்டும். கால்சியம் மாத்திரையை அதோடு சேர்த்துப் போடக் கூடாது, அது வேறு வேளைக்கு. காப்பியும் டீயும் இரும்பை உடம்பில் சேரவிடாது. காவிரிக்கரையில் காப்பியை விடச் சொல்வது எளிதல்ல என்று தெரியும். விட வேண்டாம், மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 11 க்குக் கீழே போனால் சோகை. 7 க்குக் கீழே போனால் மாத்திரையோடு நிற்காது, ஆஸ்பத்திரிதான். பிரசவத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் ரத்தம் போகும். ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பு அந்த இழப்பைத் தாங்காது. தொற்றுக் காலத்தில் ரத்ததான முகாம்கள் நின்று ரத்த வங்கியிலும் தட்டுப்பாடு வரும் என்பதையும் சேர்த்து நினையுங்கள்.

முருங்கைக்கீரை, முட்டை, சின்ன மீன், உளுந்து, கடலை எல்லாம் நம் ஊரில் கைக்கெட்டும். அங்கன்வாடியில் தரும் சத்துமாவு கர்ப்பிணிக்கு, வீட்டில் எல்லோருக்கும் பங்கு போட அல்ல. குறுவை நடவுக்கும் களைக்கும் போகும் பெண்கள் ஏழாம் மாதத்துக்கு மேல் குனிந்து செய்யும் வேலையை விட்டுவிடுங்கள். மருந்து அடிக்கும் வயல் பக்கம் எந்த மாதத்திலும் போகக் கூடாது.

கபசுரக் குடிநீரை அப்போது ஊரெங்கும் கொடுத்தார்கள். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் எந்தக் கஷாயமும் குடிக்க வேண்டாம். காய்ச்சலுக்குத் தானாகக் கடையில் மாத்திரை வாங்குவதும் வேண்டாம்.

சுவரில் ஒட்ட வேண்டிய தாள்

பெரிய எழுத்தில் எழுதி, படுக்கும் அறையில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள். இதில் எது வந்தாலும் எந்த நேரமானாலும் கிளம்ப வேண்டும், யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்:

- ரத்தம் படுதல், கொஞ்சமாக இருந்தாலும்
- விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குதல் (பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல் ஏறியிருக்கலாம்)
- வலிப்பு
- பனிக்குடம் உடைந்து தண்ணீர் போதல், வலி இல்லாவிட்டாலும். தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் இன்னும் அவசரம்
- குழந்தை அசைவு குறைதல்
- 9 மாதம் முடியும் முன்பே விட்டு விட்டு வலி
- காய்ச்சல், மூச்சுத்திணறல்

அசைவை எண்ணும் முறை இது. ஏழாம் மாதத்திலிருந்து தினம் ஒரு வேளை, சாப்பிட்டபின் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வயிற்றில் கை வைத்துக்கொள்ளுங்கள். உதை, புரளல், உருளல் எல்லாம் கணக்கில் வரும். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து வந்துவிட வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் அரை மணிக்குள்ளேயே முடித்துவிடும். வரவில்லையென்றால் "தூங்குது போல" என்று விடாதீர்கள்.

பிரஷரைப் பற்றிய வரியைத்தான் வீட்டுப் பெரியவர்கள் நம்ப மாட்டார்கள். கால் வீங்கினால் "தண்ணி கோத்திருக்கு, ஆம்பளப் புள்ளைதான்" என்று சிரிப்பார்கள். சாயங்காலம் கால் வீங்கிக் காலையில் வற்றுவது சாதாரணம். காலையிலேயே முகம் ஊதியிருந்தால், மோதிரம் கழலாவிட்டால், தலை விண் விண்ணென்று வலித்தால் அது வேறு கதை.

108 ஒத்திகை

இதைப் பலர் செய்வதில்லை. தயவுசெய்து செய்யுங்கள். எட்டாம் மாதத்தில் ஒரு ராத்திரி, கூடப் படுக்கும் பெண்மணி கையில் ஃபோனைக் கொடுத்து, அழைக்காமலே, என்ன சொல்வார் என்று பேசச் சொல்லுங்கள். பெரும்பாலும் "ஐயோ, வலி எடுத்துடுச்சு, சீக்கிரம் வாங்க" என்பதோடு நின்றுவிடும். ஆம்புலன்ஸுக்குத் தேவை அது அல்ல. இப்படிச் சொல்லப் பழகுங்கள்:

"தலைப்பிரசவங்க. ஒம்பது மாசம் முடிஞ்சிருக்கு. தண்ணி ஒடஞ்சிருக்கு. திருவாரூர் மாவட்டம், குடவாசல் தாலுகா, இன்ன ஊராட்சி, கீழத்தெரு. மெயின் ரோட்டுல நெல் கொள்முதல் நிலையம் தாண்டி எடது பக்கம் வாய்க்கால் பாலம். பாலத்துல டார்ச் வச்சுக்கிட்டு எங்க ஆளு நிப்பாரு."

டெல்டாவில் மேலத்தெருவும் கீழத்தெருவும் இல்லாத ஊர் கிடையாது. ஒரே பெயரில் பக்கத்திலேயே இரண்டு ஊர் இருக்கும். மாவட்டத்தையும் தாலுகாவையும் முதலில் சொல்லாவிட்டால் வண்டி வேறு பக்கம் போய்விடும். வாய்க்கால் பாலம் குறுகியதென்றால் ஆம்புலன்ஸ் எதுவரை வரும் என்று பகலிலேயே பார்த்து வையுங்கள். தொற்றுக் காலத்தில் 108 வண்டிகள் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு அலையும், வரத் தாமதமாகலாம். ஊரில் கார் வைத்திருக்கும் இரண்டு பேரிடம் முன்பே பேசி, அவர்கள் எண்ணையும் அதே தாளில் எழுதுங்கள். தெருவை அடைத்துத் தடுப்பு வைத்தால் பிரசவ வண்டிக்கு யார் திறந்துவிடுவது என்று ஊராட்சித் தலைவரிடம் கேட்டு வைப்பதும் உங்கள் வேலைதான்.

எந்த ஆஸ்பத்திரி என்பதையும் இரண்டாகத் தீர்மானியுங்கள். சிக்கலில்லாத பிரசவம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நடக்கலாம். பிரஷர், சர்க்கரை, ரத்தக்குறைவு, இரட்டைப் பிள்ளை, பிள்ளையின் தலை கீழே வராமல் மாறியிருப்பது என்று ஏதாவது இருந்தால் நேரே பெரிய ஆஸ்பத்திரி. தஞ்சாவூரில் மகப்பேறுக்கு ராசா மிராசுதார் மருத்துவமனை, ஊருக்குள் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் வல்லம் சாலையில் இருக்கும் மருத்துவக் கல்லூரிக்குப் போய்விட்டுத் திரும்பி ஓடி வருவார்கள். திருவாரூரில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் மன்னார்குடியிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. தொற்று உள்ள கர்ப்பிணிகளுக்கு எந்த மருத்துவமனையில் தனி வார்டு என்பது வாரத்துக்கு வாரம் மாறும். ஒன்பதாம் மாதத்தில் ஒவ்வொரு வாரமும் செவிலியரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் நாள் குறித்திருந்தால் இன்னொரு ஏற்பாடும் வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியபோது வேதாரண்யம் பக்கம் மரங்கள் விழுந்து சாலையே இல்லாமல் போனது. தலைஞாயிறு, வேதாரண்யம் போன்ற கடலோரத் தாழ்வான ஊர்களிலும் கொள்ளிடக்கரைப் படுகைகளிலும் இருப்பவர்கள், புயல் அறிவிப்பு வந்தாலே வலிக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடுங்கள். கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள்.

வலிக்குத் தயாராவது

வலி என்ன செய்கிறது என்று தெரிந்தவளுக்கு பயம் குறையும். கருப்பையின் வாய் மூடியிருக்கிறது, ஒவ்வொரு வலியும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது, முழுதாகப் பத்து சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் பிள்ளை இறங்கும். தலைப்பிரசவத்தில் இதற்குப் பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். பொய் வலி நடந்தால், படுத்தால், தண்ணீர் குடித்தால் அடங்கும். உண்மை வலி அடங்காது. இடுப்பில் தொடங்கி முன்வயிற்றுக்கு வரும், இடைவெளி குறைந்துகொண்டே போகும். ரத்தம் கலந்த சளியும் படலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி வந்தால் கிளம்பலாம் என்று நகரத்தில் சொல்வார்கள். கிராமத்திலிருந்து கிளம்புகிறவர்கள், அதுவும் வண்டி தாமதமாகும் காலத்தில், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சீராக வரத் தொடங்கியதுமே கிளம்புங்கள்.

வலி வரும்போது வாயால் மெதுவாக ஊதி மூச்சை விடுவதை எட்டாம் மாதத்திலிருந்து தினம் பழகுங்கள். மூக்கால் இழுத்து, விடும் மூச்சை இழுத்ததைவிட நீளமாக்க வேண்டும். கூட இருப்பவர் இடுப்பின் கீழ்ப்பகுதியை உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்கப் பழகட்டும். நடப்பது, சுவரில் கை ஊன்றி முன்னால் சாய்ந்து நிற்பது, இடது பக்கம் படுப்பது எல்லாம் உதவும். மல்லாந்து படுத்தே கிடப்பது உதவாது. வாய் முழுதாகத் திறக்கும் முன் முக்கக் கூடாது, நர்ஸ் சொல்லும் வரை ஊதிக்கொண்டே இருங்கள்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் வழக்கம் உண்டு. தொற்றுக் காலத்தில் பல இடங்களில் இதைச் சுருக்கினார்கள். அனுமதி உண்டா, துணைக்கு வருபவர் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா என்று முன்பே கேட்டு வையுங்கள். தனியாகத்தான் உள்ளே போக வேண்டும் என்றாகிவிட்டால், மூச்சும் நிலைகளும் நன்றாகப் பழகியிருப்பதுதான் அங்கே துணை.

சிசேரியன் பற்றியும் பேசிவிடுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 45 பிரசவம் சிசேரியன். முதுகில் ஊசி போடுவார்கள், விழித்துக்கொண்டுதான் இருப்பீர்கள், அன்றே பால் கொடுக்கலாம், மறுநாள் எழுந்து நடக்கச் சொல்வார்கள். "கத்தி வச்சா பால் வராது" என்பது உண்மையல்ல.

திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலில் சுகப்பிரசவத்துக்காகத் தரும் விளக்கெண்ணெயை நம் வீடுகளில் பக்தியோடு வைத்திருப்போம். வயிற்றில் மெதுவாகத் தடவலாம், அம்பாளின் காவல் என்ற தெம்பு பெரிய தெம்பு. ஆனால் வலி வரட்டும் என்று விளக்கெண்ணெயைக் குடிக்கக் கூடாது, வயிற்றுப்போக்கு வந்து உடம்பு வற்றிவிடும். கூட்டம் கூடக்கூடாத நாட்களில் வீட்டிலிருந்தே வேண்டிக்கொள்ளுங்கள்.

பையில் என்ன வைப்பது என்று நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. தாய் சேய் நல அட்டை, ஸ்கேன், ஆதார், வங்கிப் புத்தக நகல், முன்பக்கம் திறக்கும் நைட்டி, நாப்கின், துவைத்துக் காயவைத்த பழைய பருத்தித் துணி, குழந்தைக்குக் குல்லா, முகக்கவசம் நிறைய, சோப்பு, ஃபோன் சார்ஜர். ஊரடங்கில் ஆஸ்பத்திரி வாசலில் கடை திறந்திருக்காது, அதனால் ஃபிளாஸ்க்கும் பிஸ்கட்டும் சேர்த்து வையுங்கள்.

முதல் ஒரு மணி நேரம், பிறகு பால்

பிறந்த பிள்ளையைத் துடைத்து அம்மாவின் மார்பில், தோலோடு தோலாகப் போடச் சொல்லிக் கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் குடிக்கத் தொடங்க வேண்டும். முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டக் கூடாது. நோய் எதிர்ப்புச் சக்தி அதில்தான் இருக்கிறது. அளவு குறைவாக இருக்கிறதே என்று பாட்டிமார் கவலைப்படுவார்கள். முதல் நாள் பிள்ளையின் இரைப்பைக்கு ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவே போதும். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால், சேனை எதுவும் நாக்கில் வைக்க வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம், சித்திரை வெயிலிலும் வேண்டாம்.

பால் கொடுப்பது தானாக வந்துவிடும் என்பார்கள். பெரும்பாலான தலைப்பிள்ளைக்காரிகளுக்கு வராது, கற்றுக்கொள்ள வேண்டும். பொம்மையையோ சுருட்டிய துண்டையோ வைத்து எட்டாம் மாதத்திலேயே பிடித்துப் பழகுங்கள். பிள்ளையின் காது, தோள், இடுப்பு ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். காம்பால் மேலுதட்டைத் தொட்டு, வாய் நன்றாகத் திறக்கும் வரை பொறுத்து, அப்புறம் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவாருங்கள், மார்பைப் பிள்ளையிடம் கொண்டுபோகாதீர்கள். மாம்பழத்தை வாய் நிறையக் கடிப்பதுபோல, காம்பைச் சுற்றியுள்ள கறுப்பும் பெரும்பகுதி வாய்க்குள் போக வேண்டும். கீழுதடு வெளியே மடிந்திருக்கும், முகவாய் மார்பைத் தொட்டிருக்கும். முதல் சில நொடி இழுப்பு தெரியலாம், தொடர்ந்து வலித்தால் பிடி சரியில்லை. சுண்டுவிரலை வாயோரம் விட்டுப் பிடியைத் தளர்த்தி மறுபடி தொடங்குங்கள். காம்பு வெடித்துப்போன பெண்களில் பலருக்கு இந்த ஒரு திருத்தமே போதுமானது. வீடியோ அழைப்பில் செவிலியரிடம் காட்டக் கூச்சமாக இருந்தால், பொம்மையை வைத்துப் பிடியைக் காட்டுங்கள், அதிலேயே அவருக்குப் புரிந்துவிடும்.

ஒரு நாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை கொடுக்க வேண்டும், ராத்திரியும் சேர்த்து. பால் போதுகிறதா என்று மார்பைப் பார்த்துச் சொல்ல முடியாது, பிள்ளையின் சிறுநீரைப் பாருங்கள். ஐந்தாறு நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு முறைக்கு மேல் நனைத்தால் போதுகிறது. முதல் வாரம் எடை கொஞ்சம் குறைவது இயல்பு, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும்.

தாய்க்குச் சுறாப்புட்டும் பூண்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் தாராளமாகக் கொடுங்கள். பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பதும், ஒருவேளைச் சோறோடு நிறுத்துவதும் வேண்டாம். பால் சுரக்கத் தண்ணீர் வேண்டும்.

அம்மாவுக்குத் தொற்று வந்துவிட்டால்

கொரோனா வந்த புதிதில் சில இடங்களில் பிள்ளையைப் பிரித்துவைத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் ஆரம்பத்திலிருந்தே சொன்னது வேறு: தாயும் பிள்ளையும் சேர்ந்தே இருக்கலாம், தாய்ப்பால் கொடுக்கலாம். முகக்கவசம் போட்டு, சோப்பால் இருபது நொடி கை கழுவிவிட்டுக் கொடுக்க வேண்டும். தாய் மிகவும் சோர்ந்திருந்தால் பாலைக் கையால் பீய்ச்சி, பாலாடையில் தொற்றில்லாத ஒருவர் ஊட்டலாம். பிள்ளைக்கு ஒருபோதும் முகக்கவசம் போடக் கூடாது, மூச்சு அடைக்கும்.

கர்ப்பிணிக்குக் கொரோனா வந்தால் மற்றப் பெண்களைவிடத் தீவிர சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பும் குறைமாதப் பிரசவமாகும் வாய்ப்பும் அதிகம். அதனால் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாலும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் தினம் நான்கைந்து முறை பாருங்கள். 95 க்குக் கீழே இறங்கினால் தாமதிக்க வேண்டாம். 2021 ஜூலை 2 அன்று இந்திய அரசு கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசியை அனுமதித்தது. அதற்கு முன் இரண்டாம் அலையில் தடுப்பூசி இல்லாமலே பலர் மாட்டிக்கொண்டார்கள். புதிய தொற்று எதுவானாலும் தடுப்பூசி வந்ததும் கர்ப்பிணிகளுக்கு உண்டா என்று கேட்பது உங்கள் நோட்டில் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்தபின்

பிள்ளை பார்க்க வருபவர்களைத் தடுப்பதுதான் மிகக் கடினம். மாமா, சித்தி, பக்கத்து வீட்டு ஆச்சி என்று ஆளாளுக்குத் தூக்கிக் கொஞ்சாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். இந்தக் கெட்ட பெயரைப் புதிதாகப் பெற்றவள் சுமக்கக் கூடாது. வாசலில் கணவரோ மாமனாரோ உட்கார்ந்து, "டாக்டர் நாப்பது நாளு யாரையும் விடக்கூடாதுன்னுட்டாருங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லட்டும். வீட்டில் ஒருவருக்கு இருமல் வந்தாலும் அவர் வேறு அறை.

பிள்ளை குளிப்பாட்டும் ஆயா பல ஊர்களில் வீடு வீடாகப் போவார். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கவிழ்த்துப் போட்டு எண்ணெய் தேய்ப்பதில் அவர் கைக்கு ஈடில்லை. ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவார், வாயில் விரல் விட்டுச் சளி எடுப்பார், மூக்கில் வாய் வைத்து ஊதுவார். எந்தக் காலத்திலும் இது ஆபத்து. தொற்றுக் காலத்தில், காலையிலேயே நான்கு வீட்டுப் பிள்ளைகளைத் தொட்டுவிட்டு வந்தவர் இதைச் செய்வதை ஏற்கவே முடியாது. அவருக்குரிய கூலியையும் புடவையையும் கொடுத்துவிட்டு, "நோய் போனப்பறம் வாங்க பெரியாயி" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். முதல் 24 மணி நேரம் குளிப்பாட்டவே வேண்டாம். தொப்புள்கொடி விழும் வரை ஈரத்துணியால் துடைத்தாலே போதும். தொப்புளில் விபூதி, மஞ்சள், பவுடர் எதுவும் வைக்காமல் உலர விடுங்கள். உரமருந்து ஊட்டவும் சாம்பிராணிப் புகை போடவும் வேண்டாம். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறந்த பிள்ளையென்றால் அம்மாவோ அப்பாவோ மார்போடு தோல் படும்படி வைத்து, மேலே துணி சுற்றி, நாளில் பல மணி நேரம் வைத்திருங்கள்.

பழைய தாளை எடுத்துவிட்டு இன்னொரு தாள் ஒட்டும் நேரம் இது. பிள்ளைக்கு: பால் குடிக்க மறுத்தல், எழுப்பினாலும் எழாமை, நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, விலா உள்ளே இழுத்தல், காய்ச்சல், உடம்பு சில்லிடுதல், வலிப்பு, தொப்புளைச் சுற்றிச் சிவப்பு. மஞ்சள் காமாலை உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்கும் இறங்கிவிட்டால் வெயிலில் காட்டிக்கொண்டிருக்காதீர்கள், அன்றே ஆஸ்பத்திரிக்கு. தாய்க்கு: ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனையும் ரத்தம், துர்நாற்றம், காய்ச்சல், மார்பில் கட்டி, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், தலைவலியோடு கண் மங்கல்.

அப்பாவுக்கும் தனிப் பாடம் உண்டு. ஏப்பம் விடச் செய்வது, துணி மாற்றுவது, தாலாட்டுவது எல்லாம் பால் கொடுப்பதைத் தவிர அவரால் முடியும். ஊரடங்கில் வீட்டிலேயே இருந்த அப்பாக்கள் இதை நன்றாகவே செய்தார்கள். பிள்ளையின் முகத்தருகே முகம் வைத்துப் பேசுங்கள், பாடுங்கள். ஆறு வாரம் முதல் எட்டு வாரத்துக்குள் உங்களைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும். விழித்திருக்கும்போது கொஞ்ச நேரம் குப்புறப் போட்டுக் கூடவே இருங்கள், தூங்கும்போது மல்லாக்கப் போடுங்கள்.

பெற்றவள் முதல் வாரத்தில் காரணமில்லாமல் அழுவது பலருக்கும் உண்டு, தானாகத் தெளியும். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை, தூக்கமின்மை, பிள்ளை மீது பிடிப்பில்லாமை, செத்துவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் அது மனச்சோர்வு, சிகிச்சை உள்ள நோய். "பச்ச ஒடம்பு, காத்துக் கருப்பு" என்று மறைக்காதீர்கள். 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் சேவையில் தமிழிலேயே பேசலாம். யாரும் வந்து பார்க்காத காலத்தில் தனிமை இதை இன்னும் அதிகமாக்கும். அவளுடைய தோழி ஒருத்தி தினம் ஒருமுறை வீடியோவில் பேச ஏற்பாடு செய்யுங்கள், பிள்ளையைப் பற்றி அல்ல, அவளைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள்.

3, 7, 14, 21, 28, 42 ஆம் நாட்களில் வீட்டுக்கு வந்து பார்ப்பது சுகாதாரத் துறையின் முறை. யாரும் வரவில்லையென்றால் நீங்களே ஃபோன் போட்டுக் கேளுங்கள். பிறந்த உடனே பிசிஜி, போலியோ, 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் காமாலை பி தடுப்பூசி. பிறகு 6, 10, 14 வாரங்களில் அடுத்த தவணைகள். ஊரடங்கைக் காரணம் சொல்லி ஊசி தள்ளிப்போன பிள்ளைகள் நிறைய உண்டு. புதிய நோய்க்குப் பயந்து, தடுப்பூசி உள்ள பழைய நோய்களுக்கு வழிவிட வேண்டாம். புதன்கிழமை எங்கே ஊசி போடுகிறார்கள், எத்தனை மணிக்குக் கூட்டம் குறைவு என்று முந்தின நாளே செவிலியரிடம் கேட்டுக்கொண்டு, அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள். தவணை தாண்டிப்போயிருந்தாலும் போங்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து போடுவார்கள்.